தலைவர் மங்காத கமரா

சக்கரம் பெரிதா, நெருப்பு பெரிதா, மின்சாரம் பெரிதா என்று படித்தவர்கள் இன்னும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறார்களாம். பாவம். தெமோதரைக்கு மேலே, ஊத்துமலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவுக்கு வந்து கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்போம். மனிதன் கண்டுபிடித்தவற்றில் ஆகப் பெரியது தீர்மானம். அதிலும் 'ஏகமனதான' தீர்மானம். அதை நிறைவேற்றிவிட்டால் பிறகு வேறெதையும் நிறைவேற்றத் தேவையில்லை.

அப்படியொரு தீர்மானத்தில்தான், கண்ணுகளா, நம் சுகந்தி மாட்டிக்கொண்டாள்.

சுகந்தி முன்பள்ளி ஆசிரியை. கீழ்ப்பிரிவு முன்னேற்றச் சங்கத்தின் செயலாளரும் அவள்தான். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டின் கடைசிக் காம்பிராவில், ஒற்றை அறையில், அம்மாவோடு இருக்கிறாள். அந்தக் காம்பிராவின் பின்சுவரில் ஒரு வெடிப்பு. அம்மா பழைய சேலையொன்றைச் சுருட்டி அதில் அடைத்து வைத்தாள். ஒரு மழை பெய்தது. விடிந்து பார்த்தால் சேலையைக் காணோம், சுவர் விழுங்கிவிட்டது. மீரியபெத்தவில் மண் சரிந்து லயங்களே புதைந்த பிறகு, மழை இரைந்தால் நம் பக்கத்தில் யாரும் சுவருக்கு முதுகு காட்டிப் படுப்பதில்லை.

"வெடிப்பு தெளிவாத் தெரியிற மாதிரி படம் எடுத்து, சங்கத்தின் மூலமா அனுப்புங்க. வந்து பார்த்து வேற இடத்துக்கு மாத்த ஏற்பாடு செய்வோம்" என்று அரசாங்கக் காரியாலயத்தில் சொல்லியிருந்தார்கள். ஐப்பசி மழை வருவதற்குள் அனுப்பியாக வேண்டும். சுகந்தி அன்றைக்கே தன் போனில் எடுத்துக்கொண்டு தலைவர் ரெங்கநாதனிடம் ஓடினாள்.

அவர் போனை ஊசிப்போன கறியைப் பிடிப்பதுபோல் எட்டிப் பிடித்தார்.

"என்னா பிள்ளை இது, போன்ல எடுத்ததா?"

"வெடிப்பு நல்லாத் தெரியுதுங்களே, தலைவரே."

"வெடிப்பு தெரியுது. சங்கத்தோட கௌரவம் தெரியுதா?"

கூட்டம் கூடியது. சங்கத்துக்கு ஒரு 'டீ.எஸ்.எல்.ஆர்.' கமரா வாங்குவதென்று தலைவர் முன்மொழிந்தார். பொருளாளர் கணபதிக்கு ஒரு சந்தேகம்.

"அப்புடின்னா என்னாங்க?"

"டீ-ன்னா நம்ம தேயிலை. எஸ்.எல்.-ன்னா ஸ்ரீலங்கா."

"ஆர்?"

தலைவர் வெட்கத்தோடு தலையைக் குனிந்தார். "ரெங்கநாதன்னு வெச்சுக்கயேன்."

"லைன் வீடே ஒழுகுது, லென்ஸ் எதுக்குங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது 'ஒழுங்கீனம்' என்று பதியப்பட்டு, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கமராவைத் தொட்டே பார்க்காத சுகந்தியும், தொட்டுப் பார்த்தவர்போல் நடக்கிற தலைவரும் பதுளைக்கு பஸ் ஏறினார்கள். கமராக் கடை முஸ்தாக் நானா பொறுமைசாலி.

"என்னத்தை எடுக்கப் போறீங்க தங்கச்சி?"

"செவுத்து வெடிப்பு, நானா."

"அதுக்கு இந்தச் சாதாரண லென்ஸே போதும். முன்னுக்கு, பின்னுக்கு எல்லாம் தெளிவா விழும்."

"எல்லாமே தெளிவா விழுந்தா அப்புறம் எனக்கென்னா மரியாதை?" என்றார் தலைவர். "கலியாணப் படத்துல மாப்பிள்ளை மட்டும் பளிச்சுன்னு நிப்பாரு, பின்னால எல்லாம் மஞ்சு மாதிரி கலஞ்சு போயிருக்குமே. அந்த லென்ஸைக் குடுங்க."

முஸ்தாக் நானா சுகந்தியைப் பார்த்தார். சுகந்தி கூரையைப் பார்த்தாள். மஞ்சு லென்ஸ் பெட்டிக்குள் ஏறியது.

தலைவர் பற்றுச்சீட்டை வாங்கித் திரும்புவதற்குள் நானா அவளுக்குப் பாடம் எடுத்து முடித்தார். "இந்தா, உள்ளுக்கு ஒரு சின்னச் சிவப்புக் கட்டம் தெரியுதா? அதை எதுக்கு மேல வைக்கிறீங்களோ அதுதான் தெளியும். மத்ததெல்லாம் கலங்கும். லென்ஸுக்கு ஆள் பெரியவரா சின்னவரா எண்டெல்லாம் தெரியாது தங்கச்சி."

கமரா தலைவர் வீட்டு அலுமாரியில் குடியேறியது. தலைவர் இல்லாமல் அது வெளியே வராது. அது வந்தால் தலைவரும் வருவார். படமெடுக்கும் நாளில் இருவரும் வந்தார்கள். தலைவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில், வெடிப்புக்கு நாலு எட்டு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க தலைவரே, வெடிப்பு பாதி மறையுது."

"வெடிப்பு எங்க ஓடிறப் போகுது? அது அங்கயேதான் இருக்கும். நீ எடு."

அவள் எடுத்தாள். அடடா! தலைவரின் மீசையில் நரைத்த முடியை ஒன்றொன்றாகப் பிரித்து எடுக்கலாம். பின்னால் சுவருமில்லை, வெடிப்புமில்லை. நம் லயம் அதன் பெயருக்கேற்ப வெண்பனியில் லயமாகிப் போயிருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தால் மலைநாட்டில் குறை என்று ஒன்று உண்டென யாரும் சொல்லமாட்டார்கள்.

"இதான் படம்! இதையே அனுப்பிரு" என்றார் தலைவர்.

வாசலில் அம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நமுனுகலை மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

"இன்னொண்ணு எடுத்துக்கிறேங்க தலைவரே. ஒரு பாதுகாப்புக்கு."

தலைவர் மறுபடியும் நிமிர்ந்தார். சுகந்தி அந்தச் சிவப்புக் கட்டத்தை அவர் மீசையிலிருந்து மெல்ல நகர்த்தி, தோளைத் தாண்டி, சுவரில் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தினாள்.

காரியாலயத்துக்குப் போனது அந்த இரண்டாவது படம்.

அடுத்த கூட்டத்தின் நடுவில் சுகந்தியின் போன் அடித்தது. காரியாலயத்து லரீபா மேடம். "எல்லாருக்கும் கேக்கிற மாதிரி போடு பிள்ளை. பாராட்டத்தான் கூப்பிடுறாங்க" என்று தலைவர் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டார்.

"தங்கச்சி, படம் கிடைச்சிச்சி. வெடிப்பு நல்லாத் தெளிவா இருக்கு. உள்ளுக்கு ஏதோ சேலைத் துண்டு மாதிரி, அதுகூடத் தெரியுது. நாளைக்கே ஆக்கள் வாறாங்க. அது வரைக்கும் நீங்க அந்தக் காம்பிராவில படுக்க வேணாம்."

"சரிங்க மேடம்."

"இன்னொரு விசயம். வெடிப்புக்கு முன்னால வெள்ளையா, மங்கலா, பெருசா ஒண்ணு நிக்குதே? தண்ணி டாங்கியா, தூணா, ஒண்டும் விளங்கல்ல. எதுவா இருந்தாலும் அது பாதியை மறைக்குது. முதல்ல அதை அங்கயிருந்து அகத்துங்க."

பொருளாளர் கணபதி, வாக்களிப்பதுபோல் மெதுவாகக் கையைத் தூக்கினார். அவரைப் பார்த்து இன்னொரு கை. பிறகு, தீர்மானம் எதுவும் முன்மொழியப்படாமலே எல்லாக் கைகளும்.

மேடம் மேல் தப்பில்லை, கண்ணுகளா. தூரத்திலிருந்து பார்த்த ஒரே படத்தில் அது தடை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நாம்தான் இத்தனை வருஷமாக அதற்கு 'தலைவர்' என்று பெயர் வைத்து, மாலையும் போட்டுக்கொண்டிருந்தோம்.