நான் தேர்ந்தெடுத்த சிவப்பு

மலைவீடு,
சனிக்கிழமை மாலை.

பயணப் படகின் கேன்டீனில் நாள் முழுதும் நின்று சமைத்தாலும் குரலில் சோர்வே காட்டாத குத்ரூன் சித்திக்கு, உங்கள் அக்கா மகள் ஐரின் மரியாதையோடு எழுதிக்கொள்வது.

நான் நலம். அதாவது உடம்பு நலம். நீங்களும், சித்தப்பாவின் முழங்காலும், இந்தப் பருவத்து மீன்வரத்தும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். போன வாரம் அனுப்பிய கருவாடு வந்து சேர்ந்தது. விடுதி முழுவதும் அது வந்து சேர்ந்ததை அறிந்துகொண்டது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த மலையில் சிக்னல் வேண்டுமானால் கழிப்பறைக் கூரைமேல் ஏறி நிற்க வேண்டும். கிடைத்தாலும் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள்; மீன் சூப்புக்கு வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டு எனக்குப் புத்தி சொல்வார்கள். ஆகவே கடிதம். அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

என் காதலன் வேகாரின் அம்மா ஓய்வு பெற்ற நீதிபதி, அப்பா இதய மருத்துவர் என்பது உங்களுக்குத் தெரியும். நம் வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர்கள் வீட்டில் நாய் மட்டும்தான் பட்டம் வாங்காதது. அப்படிப்பட்ட வேகார், "வெள்ளிக்கிழமை வெளியே சாப்பிடலாம். அப்புறம் ரெண்டு நாள் எங்க மலைவீடு. நாம மட்டும்" என்றதும் நான் உங்களைத்தான் கூப்பிட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மேசைக்குத் துணி விரிச்ச கடையா? அப்ப மோதிரம்தான்டி! மென்னு சாப்பிடு. இந்தக் காலத்துப் பசங்க கேக்குக்குள்ள எல்லாம் ஒளிச்சு வைக்கிறாங்க, முழுங்கித் தொலைச்சிடாதே." சொன்னதோடு நிற்காமல் உங்கள் நீல உடையையும், கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைச் செருப்பையும் அனுப்பி வைத்தீர்கள். எனக்கோ வெட்கத்தில் குரல் வராது. அதனால் கண்ணாடி முன் நின்று "சரி" என்று சொல்லிப் பழகினேன். பக்கத்து அறைப் பெண் சுவரைத் தட்டி, "யாருக்குடி இவ்வளவு சம்மதம்?" என்று கேட்கும்வரை பழகினேன்.

முதல் அதிர்ச்சி, மேசைக்குத் துணியே இல்லை. பட்டைகூட உரிக்காத மரம். அதன்மேல் ஒரு கல், கல்மேல் பாசி, பாசிமேல் கோட் மீனின் நாக்கு ஒன்று. பரிமாறுகிறவர் குனிந்து, "கடலை நெனச்சுக்கிட்டுச் சாப்பிடுங்க" என்று கிசுகிசுத்தார். எனக்குப் பதற்றம் வந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். "நான் பள்ளிக்கூட லீவுல இந்த நாக்கை வாளி வாளியா அறுத்திருக்கேங்க. தலையை ஆணில குத்தி வச்சு, சரக்குன்னு…" என்று கையால் வேறு செய்து காட்டினேன். பக்கத்து மேசை அம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நான் பேசவில்லை, தேடினேன். பாசியைக் கிளறினேன், ரொட்டியைப் பிய்த்தேன், மசித்த உருளைக்கிழங்கில் உழுதேன். பரிமாறுகிறவர் கவலையோடு வந்து, "ஏதாவது தொலைச்சிட்டீங்களா?" என்றார். "இல்லீங்க, இன்னும் கிடைக்கல" என்று சொல்லிவிட்டேன், சித்தி. கடைசியில் ஐஸ்கிரீம் வந்தது. உருண்டையாக, பளபளவென்று, கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன். "ஐரின், அது கூழாங்கல்லு," என்றான் வேகார் மெதுவாக. "அது அலங்காரத்துக்கு."

நான் கல்லைத் துப்பிக்கொண்டிருந்தபோது அவன் கை சட்டைப் பைக்குள் போனது. அவன் காது இரண்டும் சிவந்திருந்தன. என் நெஞ்சு நீதிபதி சுத்தியல் மாதிரி அடித்தது. அவன் எடுத்து வைத்தது பெயின்ட் கடை வண்ண அட்டை.

"இதுல உனக்கு எந்தச் சிவப்பு பிடிக்குது?"

"எதுக்கு?"

"ஒரு இடத்துக்கு அடிக்கணும். ரொம்ப வருஷம் இருக்கப்போறது. நீயே சொன்னாத்தான் நல்லாருக்கும்."

வீடு! எங்களுக்கு வீடு! மோதிரத்துக்கு முன்னாலேயே வீட்டுக்கு வண்ணம் கேட்கிறான் என்று என் கண் கலங்கிவிட்டது. நம் படகுக் கொட்டகைச் சிவப்பைத் தொட்டுக் காட்டினேன்.

இனி சனிக்கிழமை. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

மலைவீட்டு முன்னால் ஒரு கார் நின்றது. வீட்டுக் கூரையில் நீதிபதி ஏறி நின்றார். வேகாரின் அம்மா போர்க்ஹில்ட், கணவரின் பழைய கால்சட்டையில், வாயில் ஆணிகளோடு. கீழே ஏணியைப் பிடித்தபடி அப்பா அஸ்லாக்.

"நாம மட்டும்னு சொன்னியே?" என்றேன்.

"ஆமா, விருந்தாளி யாரும் இல்லையே?" என்றான் வேகார், உண்மையாகவே புரியாமல். "அம்மா அப்பாவை எல்லாம் யாராவது கணக்குல சேர்ப்பாங்களா?"

போர்க்ஹில்ட் இறங்கி வந்து என் கையைக் குலுக்கினார். குலுக்கி முடித்தபோது என் கையில் ஒரு பெயின்ட் பிரஷ் இருந்தது. "வாம்மா ஐரின். கழிப்பறையோட வடக்குச் சுவர் உன்னோடது." மகனின் காதலியிடம் அவர் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான், சித்தி. டப்பாவைத் திறந்தேன். நான் தேர்ந்தெடுத்த சிவப்பு.

நீல உடைமேல் அஸ்லாக்கின் மேலாடையைப் போட்டுக்கொண்டு அடித்தேன். செருப்பைக் காப்பாற்ற முடியவில்லை. இடது செருப்பில் கொஞ்சம்தான். வலது செருப்பைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

நடுவில் பக்கத்து மலைவீட்டிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்தார். அவருக்கு நாற்காலி, மடியில் போர்வை, மெல்லிய பீங்கான் கோப்பையில் காப்பி. உதவட்டுமா என்று எழுந்தவரை அஸ்லாக் பதறிப்போய் உட்காரவைத்தார். "ஐயய்யோ, எதையும் தொடாதீங்க, நீங்க விருந்தாளி!" எனக்கு? "ஐரின், உன் காப்பி பெயின்ட் டப்பா பக்கத்துல இருக்கு. பார்த்துக் குடி." வக்கீலம்மா ஏணிமேல் நின்ற என்னை அண்ணாந்து பார்த்து, "வேலைக்கு ஆள் போட்டிருக்கீங்களா?" என்றார். "இல்லையே, அது ஐரின்" என்றார் அஸ்லாக். அவ்வளவுதான். படித்தவள் என்றோ, மகனின் தோழி என்றோ ஒரு வார்த்தை இல்லை. போகும்முன் அந்த அம்மாவை வீட்டுக்குள் இருக்கும் சுத்தமான கழிப்பறைக்குக் கூட்டிப்போனார்கள். நான் காலையில் கேட்டபோது போர்க்ஹில்ட் வெளியே கை காட்டினார்: "அதோ, நீ அடிச்சுக்கிட்டிருக்கறதுதான்."

அதோடு விட்டாரா? மதியம் ஒரு பலகையைப் போட்டு, "இதுல உட்காரு. நேரா. மூச்சு விடலாம், அசையக் கூடாது" என்று சொல்லி, பென்சிலால் என்னைச் சுற்றிக் கோடு இழுத்தார். எங்கே சுற்றி என்று எழுத என் பேனாவுக்கு வெட்கமாக இருக்கிறது. "வேகாரை விட ஒரு விரல் குறைவு," என்று கணவரிடம் சொன்னார். இதய மருத்துவர் எக்ஸ்ரே பார்ப்பது போலத் தலையாட்டினார். எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை.

மாலைவரை அடக்கிப் பார்த்துவிட்டு, முடியாமல் அந்த வெளிக் கழிப்பறைக்கே போனேன். தாழ்ப்பாள் கிடையாது. ஒரே பலகையில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார, வரிசையாக மூன்று துளைகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் செதுக்கிய மூடி: அஸ்லாக், போர்க்ஹில்ட், வேகார். எதில் உட்காருவது? தெரிந்தவன் என்று வேகாரைத் திறந்தேன். அரை நிமிடத்தில் கதவு திறந்தது. நீதிபதி! "எழுந்திருக்காதே, இடம் இருக்கு" என்று சொல்லி என் பக்கத்தில் அமர்ந்துவிட்டார். சித்தி, நான் மூச்சைக்கூட நிறுத்திவிட்டேன். மற்றது தானாகவே நின்றுபோயிருந்தது. அவரோ நாளைக்கு மழை வருமா என்று என்னைக் கேட்கிறார். பிறகு எட்டிப் பார்த்து, "ஏம்மா, வேகாரோட இடத்துலயா உட்கார்ந்திருக்கே?" என்றார்.

"தெரியாம…"

"பரவாயில்ல. நாளையோட இந்தப் பிரச்சினை தீர்ந்துடும்."

நாளையோடு தீர்ந்துவிடுமாம்! எனக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வக்கீலுக்கு நாற்காலி; மீன் அறுத்தவளுக்கு ஏணி. காதலர்களின் இரவு விருந்து என்று நான் கனவு கண்டது, ரொட்டியில் சுருட்டிய சாசேஜை நின்றபடியே தின்பதாக முடிந்தது. வேகார் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ செதுக்குகிறான். கேட்டால் "ஒண்ணுமில்ல, உள்ள வராதே" என்கிறான்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை அவனிடம் எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்புகிறேன். பழகி வைத்த "சரி" என்னிடமே இருக்கட்டும். என் கட்டில்மேல் கிடக்கும் வலைகளை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். கேன்டீனில் கேட்பவர்களுக்கு, மலை அழகாக இருந்தது என்று சொல்லுங்கள். உங்கள் அடுப்பும் கடலும் அமைதியாக இருக்கட்டும்.

உங்கள் அன்புள்ள,
ஐரின்

பின்குறிப்பு, ஞாயிறு காலை: மேலே உள்ளதில் செருப்பைப் பற்றியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். முறிப்பதையாவது கௌரவமாக முறிக்க வேண்டும் என்று நீல உடையைப் போட்டுக்கொண்டு, "வேகார், உன்கிட்ட பேசணும்" என்றேன். "எனக்கும்தான். முதல்ல இங்க வா" என்று என்னைக் கழிப்பறைக்கே இழுத்துப் போனான். பலகையில் நான்காவதாக ஒரு துளை. அதன்மேல் புது மூடி. அதில் என் பெயர், நான் தேர்ந்தெடுத்த சிவப்பில். அந்த நெரிசலில் அவன் ஒற்றைக் காலில் மண்டியிட்டு, "பிரஷ்ஷைக் கையில கொடுத்தப்பவே உனக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றான். "அதுல என்னடா புரியும்?" "வெளியாளை நாங்க வேலை செய்ய விடவே மாட்டோமே, ஐரின்! வர்றவங்களுக்கு நாற்காலி, வீட்டுக்குள்ள இருக்கற கழிப்பறை. நம்ம ஆளுக்குத்தான் பிரஷ், நம்ம ஆளுக்குத்தான் இங்க இடம்." எனக்குக் குரல் வரவில்லை. நாயைப் பிடிக்கிற சாக்கில் வெளியே சுவரில் காதை வைத்திருந்த நீதிபதி, "வேகார், என்ன சொன்னா? எங்களுக்குக் கேக்கல!" என்று கத்தினார். "சரி!" என்று நானும் கத்தினேன். நாய் குரைத்தது. மோதிரம் எங்கே என்று கேட்டேன்; "அதுவும் வேணுமா?" என்று திகைத்தான். சந்தோஷத்தில் எதையும் பார்க்காமல், கிடைத்த இடத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். பெயின்ட் காயவில்லை, சித்தி. உங்கள் நீல உடையின் பின்பக்கத்தில் என் பெயர் வலமிருந்து இடமாகப் பதிந்திருக்கிறது. துவைத்துப் பார்த்தோம், போகவில்லை. நல்ல பெயின்ட், ரொம்ப வருஷம் இருக்குமாம்.