கால் எட்டாத நாற்காலி

அநியாயம் நடந்தது என் அம்மா கிரிஜாவுக்கு. செய்தவர் என் அப்பா பத்மநாபன். குற்றம்: அம்மாவின் இடுப்புக்கு நாற்காலி வாங்கப் போய், தன் இடுப்புக்கு வாங்கி வந்தது. நான் புனே பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படிக்கிறேன். இதைவிடச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் ஊர்வலம் போயிருக்கிறேன்.

அம்மா பதினோரு வருடமாக முதுகு சாய இடமில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் பேட்டையான கிர்க்கி முழுவதற்கும் பிளவுஸ் தைக்கிறாள். டாக்டர் சொன்னார்: இடுப்பைத் தாங்குகிற சாய்வு வேண்டும், இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். அன்றிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் அம்மா கடைகளுக்குள் தெரியும் நாற்காலிகளையே பார்ப்பாள், மற்றவர்கள் நகைக்கடையைப் பார்ப்பது போல.

ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாருக்கு அப்பாவோடு நானும் போனேன். மூடிப்போன ஏதோ ஆபீஸின் சுழல் நாற்காலி. அப்பா உட்கார்ந்தார். சாய்ந்தார். ஒரு சுற்று சுற்றினார்.

"அம்மா வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டாமாப்பா?"

"எதுக்குடி? நான் ஆறடி. என்னையே தாங்குது, அவளைத் தாங்காதா?"

வீட்டில் அம்மா ஏறி உட்கார்ந்தாள். அம்மா நாலே முக்கால் அடி. கால் இரண்டும் அந்தரத்தில் ஆடின. உயரம் குறைக்கும் கைப்பிடி துருப்பிடித்து அசையவே இல்லை.

"அடடா, உனக்கு எட்டலையே!" அப்பா வருத்தப்பட்ட அழகைப் பார்க்க வேண்டுமே! "சரி விடு. வீணாப் போக வேண்டாம், நானே வச்சுக்கறேன்."

ஹாலில் டிவிக்கு எதிரே உருட்டிக்கொண்டு போனார்.

"அப்பா, இது ஆணாதிக்கம்!"

"இல்லடி, கிரிக்கெட்டு. தள்ளி நில்லு."

ஒரு மத்தியானம் நான் சீக்கிரம் வீடு திரும்பினேன். அப்பா பேக்டரியில். அம்மா அந்த நாற்காலியில், காலடியில் இரண்டு தலையணை அடுக்கி, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எதையோ திருடியவள் போல எழுந்தாள்.

"சும்மா... தூசி தட்டினேன்."

நான் இரண்டு தலையணையையும் எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

மறுநாள் அம்மா அறிவித்தாள்: "இந்த வலியோட உள்ரூமுக்கு நடக்க முடியலைங்க. இனிமே பிளவுஸ் அளவெல்லாம் ஹால்லதான்."

"எடுத்துக்க, எடுத்துக்க," என்றார் அப்பா, ஸ்கோரைப் பார்த்தபடி.

பிளவுஸுக்கு அளவெடுக்கும் இடத்தில் ஆம்பிளை இருக்க முடியுமா? அதுவும் கணபதி விழா நெருங்கும் நேரம். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சாய்ந்தால் போதும், கதவு தட்டப்படும்.

"வைஷாலி வந்திருக்காங்க. கொஞ்சம் வெளியே இருங்க."

வைஷாலி போனால் ரீனா. ரீனா போனால் மும்தாஜ், கூடவே மூன்று நாத்தனார்கள். ஒன்பது நாளில் அப்பா பார்த்தது மொத்தம் ஆறு ஓவர். மிச்சத்தை மாடிப்படியில் உட்கார்ந்து, சத்தத்தை வைத்து யூகித்தார்.

பத்தாம் நாள் படியிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கிளம்பு கிரிஜா. இதை மாத்திட்டு, உனக்கு ஏத்ததை நீயே பாரு."

ஜூனா பஜாரில் அம்மா ஏழு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தாள். அவசரமே படவில்லை. எட்டாவது குட்டையானது, பிரம்பு பின்னியது, இடுப்புக்கு நேரே லேசாக முன்னால் வளைந்தது. அம்மா சாய்ந்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கண் தானாக மூடிக்கொண்டது.

அப்பா வலது காலை மாற்றி இடது காலில் நின்றார். பிறகு வலது காலில்.

"கிரிஜா, இடுப்பு கழண்டுடும் போல இருக்கு. ஒரே நிமிஷம் நான் உட்காரட்டுமா?"

கண்ணைத் திறக்காமலே அம்மா சொன்னாள்:

"இருங்க. இப்பத்தானே உட்கார்ந்திருக்கேன்."