முசேயின் மூன்றாவது கூ

படையில்லாமல், பீரங்கியில்லாமல், ஒரு கொய்யாக் கம்பை மட்டும் கையில் பிடித்து ஊரையே கதிகலங்க வைத்தவர் உலகத்தில் ஒருவர்தாம் இருந்திருக்க முடியும். அவர் ஒரு பிரெஞ்சு நகைச்சுவை நடிகர். ஃபிஜித் தீவின் நாடி நகரில் அவரை எல்லோரும் ‘முசே’ என்றே அழைத்தோம்; பிரெஞ்சில் ‘ஐயா’ என்று பொருள். இயற்பெயரை எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எங்கள் நாவில் அது நின்றிருக்காது.

பாண்டிச்சேரியில் பிறந்து, பாரிஸில் நடித்து, பக்கத்துப் பிரெஞ்சுத் தீவின் நூமியா நகரிலிருந்து ஒரு நாடகக் குழுவோடு வந்து, குழு திரும்பிய பிறகும் நாடியிலேயே தங்கிவிட்டவர். ஓட்டலொன்றில் பயணிகளைச் சிரிக்கவைப்பது அவருடைய உத்தியோகம். எங்கள் பேரப்பிள்ளைகள் இந்தியில் பேச, இந்த வெள்ளைக்காரர் சந்தையில் தமிழில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவார்.

அவருடைய கலைவாழ்வை அவர் வாயாலேயே கேட்க வேண்டும். ஊரார் ‘மாஸ்டர்’ என்றழைக்கும் என்னிடம் சொல்வார்: “மேடையில நான் எப்பவும் கள்ளக் காதலன், மாஸ்டர். புருசன் வந்தா அலமாரிக்குள்ள போவேன். ரெண்டாவது அங்கத்துல கண்டுபிடிச்சு சன்னல் வழியா வீசிடுவாங்க. சினிமாவிலயும் அப்படித்தான். தட்டு ஏந்தி வருவேன், வழுக்கி விழுவேன், தூக்கிட்டுப் போயிடுவாங்க. கடைசித் திரை விழும்போது நான் மேடையில நின்னதே இல்ல.”

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். கடைசி வாக்கியத்தில் மட்டும் சிரிப்பு சற்றுத் தாமதமாக வரும்.

அந்த 1987ஆம் ஆண்டில் ராணுவம் இரண்டு முறை ஆட்சியைக் கவிழ்த்திருந்தது. ஆட்சிக் கவிழ்ப்பை நாங்கள் ஆங்கிலத்தில் சொல்வதுபோல் ‘கூ’ என்போம். முதல் கூ, இரண்டாம் கூ என்று சொல்லிச் சொல்லி, விடியலில் சேவல் கூவினாலும் திடுக்கிடும் நிலைக்கு வந்திருந்தோம். வீட்டுக்கு வீடு பெட்டி கட்டினார்கள். கோயில் நாடகக் குழுவுக்கு நான் தலைவன். ஒத்திகை நடந்துகொண்டிருக்கும்போதே ராஜா சிட்னிக்குப் போனார்; மந்திரி ஆக்லாந்துக்குப் போனார்; கட்டியக்காரன் கனடாவுக்கே போய்விட்டான். நாடகத்தைத் தொடங்கிவைத்து, இடையில் சிரிக்கவைத்து, முடிவில் மங்களம் சொல்லித் திரையை இறக்குபவன் கட்டியக்காரன். அவன் இல்லாமல் நாடகம் இல்லை.

“கடைசி வரைக்கும் மேடையில நிப்பானா அவன்?” என்று கேட்டார் முசே.

“நிற்பான்.”

“அப்ப நான்தான் கட்டியக்காரன், மாஸ்டர்.”

கூட்டம் கூடக் காவல்துறை அனுமதி வேண்டியிருந்த காலம் அது. ‘அரசியல் வாடையே இராது’ என்று நானே கையொப்பமிட்டு வாங்கினேன். ஊரடங்கு இருந்ததால் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நாடகம். புதிய ராஜா, டாக்ஸி ஓட்டும் சின்னப்பன்.

முசே ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். அவருடைய நாட்டில் திரை தூக்குமுன் தடியால் மேடைப் பலகையை மூன்று முறை ஓங்கித் தட்டுவார்களாம். தட்டாமல் தொடங்கினால் நாடகம் விளங்காதாம். நான் இசைந்தேன். வியாழக்கிழமை ஒத்திகைக்குச் சின்னப்பன் வரவில்லை, சவாரி. முசே இரண்டு முறை தட்டினார். மூன்றாவதற்கு ஓங்கியபோது கையிலிருந்த கொய்யாக் கம்பு முறிந்தது. உடனே டாக்ஸி நிறுத்தத்துக்கு ஓடி, பயணியோடு புறப்படவிருந்த சின்னப்பனின் சன்னலுக்குள் தலையை விட்டார்.

“சின்னப்பா, ரெண்டு கூ ஆச்சு. மூணாவது கூ நடக்கல, முறிஞ்சு போச்சு. சனிக்கிழமை மூணு மணிக்குக் கட்டாயம் நடக்கணும். மாஸ்டருக்கும் தெரியும். நல்ல தடியா ஒன்னு கொண்டா.”

பிரெஞ்சில் ‘கூ’ என்றால் தட்டு, அடி. அதைச் சின்னப்பன் எப்படி அறிவான்? பின்னிருக்கைப் பயணிதான் எப்படி அறிவார்?

அன்று மாலைக்குள் கடைகளில் மாவும் மீன் டப்பாவும் தீர்ந்தன. பயண முகவர் வாசலில் வரிசை சாலையைத் தொட்டது. செய்தி அடுத்த ஊரான தவுவாவை அடைந்தபோது தடி துப்பாக்கியாகியிருந்தது. தலைநகரை ஒட்டிய லாமியை அடைந்தபோது நூமியாவிலிருந்து பிரெஞ்சுக் கப்பற்படையே புறப்பட்டிருந்தது. எல்லாக் கூற்றிலும் மாறாமல் இருந்தது ஒன்றே: மாஸ்டருக்கும் தெரியும்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் என் வீட்டு வாசலில் நின்றார். ஆறடிக்கு மேற்பட்ட ஃபிஜியர். இந்தி சரளமாகப் பேசுவார்.

“மூணாவது கூ எத்தனை மணிக்கு, மாஸ்டர்?”

வாழ்நாளில் விளக்கு இல்லாத சைக்கிளில்கூட ஏறியிராத என்னைப் பார்த்து இந்தக் கேள்வி. அனுமதியை அங்கேயே நிறுத்திவைத்தார். முசேயை நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள்; நானும் கோட்டு அணிந்துகொண்டு உடன் சென்றேன். முசே வாயால் விளக்கவில்லை. மூலையில் இருந்த தடியை எடுத்து இன்ஸ்பெக்டரின் மேசையில் மூன்று முறை ஓங்கித் தட்டினார். வெளியறையில் இருந்த காவலர் அனைவரும் ஒரே நொடியில் நாற்காலிகளுக்கு அடியில் போனார்கள்.

“இதுதான் சார், கூ” என்றார் முசே.

“அப்ப ராணுவம் செஞ்சது?”

“அதுவும் தட்டுனதுதான். அவங்க தட்டுனா நாடகம் முடிஞ்சுடுது. நான் தட்டுனா ஆரம்பிக்குது.”

நான் கூரையைப் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் தடியை வாங்கி மூலையில் சாத்திவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: “நாடகம் நடத்துங்க. ரெண்டு தட்டு தட்டலாம். மூணாவது தட்டினா உள்ள வச்சிடுவேன். முன் வரிசையில நான் இருப்பேன்.”

“ரெண்டுல நாடகம் தொடங்காது, சார்.”

“இந்த நாட்டுக்கு ரெண்டே அதிகம்.”

வெளியே வந்ததும் முசே பிடிவாதமாகச் சொன்னார்: “மூணு இல்லன்னா நான் ஏறமாட்டேன், மாஸ்டர்.” தாழ்ந்த குரலில் உடனே சேர்த்துக்கொண்டார்: “ஆனா கடைசி வரைக்கும் நிக்கணும்னும் இருக்கு.”

சனிக்கிழமை பிற்பகல் வெயில் தகரக் கூரையைக் காய்ச்சியது. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் நாடகம் பார்க்க வந்தார்கள். மற்றவர்கள் முசே கைதாவதைப் பார்க்க வந்தார்கள். முன் வரிசை நடுவில், பளபளக்கும் பூட்சுகளோடு இன்ஸ்பெக்டர். கூம்புத் தொப்பியும் அரிதாரமுமாக முசே திரைக்கு முன் வந்து நின்றார்.

தட்டினார். ஒன்று.

தட்டினார். இரண்டு.

தடியை ஓங்கியவர் அப்படியே நின்றார். அரங்கில் ஒரு குழந்தைகூட இருமவில்லை. அரிதாரத்தின் மேல் வியர்வை வழிந்து மூக்கு நுனியில் தொங்கியது. சின்னப்பன் திரை இடுக்கில் முணுமுணுத்தான்: “இறக்கு முசே, நானும் உன்கூட வரேன், ராஜாவ உள்ள வச்சா கௌரவமா இருக்கும்.”

அப்போது கீழே ‘டப்’பென்று ஓர் ஓசை. இன்ஸ்பெக்டர் வலது பூட்சால் தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கூரை பெயர்ந்துவிடும்போல எழுந்தது சிரிப்பு. திரை உயர்ந்தது. இரண்டு மணி நேரம் முசே விழுந்தார், எழுந்தார், ராஜாவின் சிம்மாசனத்துக்கடியில் ஒளிந்தார். அலமாரியில் கற்ற வித்தை அனைத்தையும் எங்களுக்கு அள்ளித் தந்தார். எவரும் அவரைத் தூக்கி எறியவில்லை. மங்களம் சொன்னார். திரை இறங்கியது. உள்ளே சென்று பார்த்தேன்; மூடிய திரைக்குப் பின்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

“விழுந்துடுச்சா, மாஸ்டர்?”

“விழுந்துவிட்டது, முசே.”

“நான் நிக்கறேன்” என்றார்.

அதன்பின் பயணிகள் வரத்து நின்றது. ஓட்டலுக்குச் சிரிக்கவைப்பவர் தேவைப்படவில்லை. சின்னப்பன் குடும்பத்தோடு ஆக்லாந்துக்குப் போனான். முசே பிரான்சிலிருந்த தங்கையிடம் புறப்பட்டார். விமான நிலையத்தில் வழியனுப்ப நான் ஒருவனே சென்றேன். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் போனவர் திரும்பி நின்று, விரல் முட்டியால் கண்ணாடியில் தட்டினார். ஒன்று. இரண்டு. பிறகு கையை ஓங்கியபடி என்னையே பார்த்து நின்றார்.

பொது இடத்தில் உரக்கத் தும்மியதுகூட இல்லாத நான், குடைப்பிடியால் கண்ணாடியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

காவலுக்கு நின்ற சிப்பாய் துப்பாக்கியோடு ஓடிவந்தான். “என்ன மாஸ்டர், என்ன சத்தம்?”

“ஒன்றுமில்லை, தம்பி. உள்ளே ஒரு நாடகம் ஆரம்பிக்கிறது” என்றேன். கண்ணாடி எனக்கு மங்கலாகத் தெரிந்தது. நான் அதைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தும் பயனில்லை.