வேற்றுக்கிரக ஜந்துவின் இடுப்பளவு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் என் நாக்கு இந்த இடத்திலேயே மரத்துப் போகட்டும். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். போதாது என்றால் உங்கள் தலையிலும் அடிக்கிறேன். வாலின் நீளத்தை மட்டும் ஒரு முழம் கூட்டியிருப்பேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

சினிமாக் கம்பெனியில் உடுப்புத் தைக்கும் தையல்காரர் ஒருவர். அப்போது அவர் கையில் இருந்தது ஒரு பயங்கரப் படம். விண்வெளியிலிருந்து விழுந்த ஏதோ ஒன்றின் ரத்தத்தையும் மனித ரத்தத்தையும் ஒரு டாக்டரம்மா குடுவையில் கலந்துவிடுகிறாள். ஒரு குட்டி பிறக்கிறது. பாதி மனிதன், பாதி வேற்றுக்கிரகம். அழகாகச் சிரிக்கிறது. ஒரே வாரத்தில் ஆள் உயரம் வளர்ந்து, வளர்த்தவர்களையே ஒவ்வொருவராக விழுங்குகிறது. வீட்டை விட்டு மட்டும் போக மாட்டேன் என்கிறது.

கதையைக் கேட்டதும் தையல்காரர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். இது அவர் மச்சானின் கதை.

மனைவியின் தம்பி, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன் மாமா" என்று ஒரு பையோடு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தங்கமான பையன், அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வந்த அன்றைக்கு முதுகு வலி என்றான், கட்டிலைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தையல்காரருக்குப் படுக்கை வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில். அது சுற்றினால் அவர் கனவும் கூடவே சுற்றும்.

"உன் தம்பி எப்ப போவான்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

"அவன் போற அன்னைக்கு நானும் போவேன்" என்றாள் மனைவி.

அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. ஆனால் மச்சான் தானாகவே அலறிக்கொண்டு ஓடினால்? கரப்பான்பூச்சியைப் பார்த்தாலே நாற்காலி மேல் ஏறி நிற்கிற பையன் அவன். ஜந்துவின் உடுப்போ தயாராக இருந்தது. சாம்பல் நிற ரப்பர். ஒரு கை மனிதக் கை, மறு கை நண்டுக் கொடுக்கு. பின்னால் தரையில் புரளும் வால். வாய்க்குள் ஒரு ரப்பர் நாக்கு. அதைக் கடித்துக்கொண்டால்தான் தாடை அசையும், ஆனால் பேச்சு வராது.

ஒரே சிக்கல், இடுப்பு. நடிகர் துடைப்பக்குச்சி. தையல்காரர் அப்படி இல்லை. உடுப்பை வீட்டுக்கே கொண்டு வந்து மனைவியிடம் கொடுத்தார்.

"இடுப்பைக் கொஞ்சம் பிரிச்சு விட்டுடு. எனக்கு நேரமில்ல."

"எவ்வளவு?"

"நாற்பது அங்குலம்."

"ஒல்லி ஆளுன்னு சொன்னீங்க?"

"கதைப்படி ஜந்து வளருது."

மனைவி உடுப்பைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "வளரட்டும்" என்று ஊசியை எடுத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம். மச்சான் சாப்பிட்டுப் படுக்கிற நேரம். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று தையல்காரர் ஜந்துவுக்குள் புகுந்தார். ஜிப் முதுகில் இருந்தது. நடிகர்கள் டீ குடிக்க நழுவிவிடாமல், உள்ளே இருப்பவர் கைக்கு எட்டாத இடத்தில் ஜிப் வைப்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. டைரக்டரே கைகுலுக்கிப் பாராட்டியிருந்தார். ஜிப்பில் ஒரு நூலைக் கட்டித் தோளுக்கு மேலாக இழுத்தார். ஜிப் ஏறியது. நூல் அறுந்து கையோடு வந்தது. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

படியில் இறங்கும்போது மேல் வீட்டு ரிடையர்டு ஆபீசர் கதவைத் திறந்தார். "ஷூட்டிங்கா? வாலைப் பார்த்து இழுத்துட்டுப் போங்க, பூந்தொட்டி இருக்கு" என்று சொல்லி மூடிக்கொண்டார்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அதிர்ஷ்டம் என்று நினைத்தார், பாவி மனிதர். கொடுக்கைத் தூக்கிக்கொண்டு உறுமியபடி உள்ளே பாய்ந்தார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வந்துட்டியாடா தம்பி? காலைத் துடைச்சுட்டு வா."

உறுமல் பாதியில் நின்றது.

"காலைல மாமாவுக்குத் தெரியாம டைரக்டரைப் பார்க்கப் போனியே, வேலை குடுத்துட்டாங்களா? இடுப்பைப் பிரிக்கச் சொன்னப்பவே நினைச்சேன், புது ஆள் போடறாங்கன்னு. உனக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்குடா."

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. மச்சான் வீட்டில் இல்லை என்று தையல்காரர் முடிவு செய்தார். திரும்பி ஓடப் பார்த்தார். மனைவி வாலை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"உட்காரு. வால் இருக்கா? அப்ப நில்லு. உனக்கும் வேலை கிடைச்சாச்சு. தனியா வீடு பார்த்துக்கலாம். நானும் வந்துடறேன்."

ஜந்து தலையை ஆட்டியது. பக்கவாட்டில், வேகமாக.

"ஏன்டா? பதினெட்டு வருஷம் பொறுத்துட்டேன். ஊர்ல இருக்கற ஜந்துவுக்கெல்லாம் ஜிப் வெக்கறாரு. என் கைப்பைக்கு ஒரு ஜிப் வெச்சுக் குடுங்கன்னு கேட்டு மூணு வருஷம் ஆச்சு. இன்னும் அதை ஊக்கு குத்தித்தான் தூக்கிட்டுப் போறேன். எனக்கு அலுத்துப் போச்சுடா தம்பி."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். காய்ந்த துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள். தையல்காரர் அழுதார். உள்ளே அழுதால் வெளியே தெரியாத உடுப்பு அது. அப்படித் தைத்ததும் அவர்தான். முகமூடியைக் கழற்றி 'நான்தான்' என்று சொல்ல வழியில்லை. கழற்ற முடிந்தாலும் என்னவென்று சொல்வது? உன் தம்பியை விரட்ட வந்தேன் என்றா?

ஜந்து முழங்கால் போட்டது. கையையும் கொடுக்கையும் சேர்த்துக் கும்பிட்டது.

"மாமாவுக்காகக் கெஞ்சறியா?"

ஆட்டியது, மேலும் கீழும்.

"அவர் திருந்துவாரா?"

ஆட்டியது. வாலும் ஆடியது.

"வாயால சொன்னா நான் நம்ப மாட்டேன். எழுது." நோட்டும் பேனாவும் வந்தன. "வாஷிங் மெஷின் வேலை இனி என்னுது. மாடித் தண்ணித் தொட்டியை மாசாமாசம் கழுவுவேன். கைப்பைக்கு இந்த வாரமே ஜிப். மச்சான் எப்ப போவான்னு ஆயுசுக்கும் கேட்க மாட்டேன். கட்டில் அவனுக்கே."

கடைசி வரியில் ஜந்துவின் கை நின்றது.

"நான் பெட்டியை எடுக்கட்டுமா?"

எழுதியது.

"கீழ மாமாவோட கையெழுத்தைப் போடு. அவர் கையெழுத்து உனக்கு நல்லா வருமே."

அச்சு அசலாக வந்தது.

அப்போது படுக்கையறைக் கதவு திறந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டே மச்சான் வெளியே வந்தான். கன்னத்தில் தலையணைச் சுருக்கம்.

"அக்கா, டீ இருக்கா?" என்றவன் தரையில் கிடந்த ஜந்துவைப் பார்த்தான். "மாமா, முதுகு ஜிப்பைக் கழட்டி விடட்டுமா?"

"இருடா" என்றாள் மனைவி, காகிதத்தை மடித்தபடி. "மொதல்ல தொட்டியைக் கழுவிட்டு வரட்டும். ரப்பர்தானே, நனையாது." பிறகு கணவர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "என் தம்பி இடுப்பு இருபத்தெட்டுங்க. நாற்பது அங்குலம் இந்த வீட்ல வேற யாருக்கு இருக்கு?"

அன்று மத்தியானம் வேற்றுக்கிரகத்து ஜந்து ஒன்று மொட்டை மாடித் தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்த்ததை அந்தத் தெருவே பார்த்தது. மேல் வீட்டு ஆபீசர், மூலையில் கொஞ்சம் விட்டுப் போயிருக்கிறது என்று கைகாட்டினார்.

இதையெல்லாம் நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். முப்பது வருஷமாகிறது. மாமா அந்தக் காகிதத்தில் எழுதியதை இன்னும் ஒரு வரி மீறவில்லை. கட்டிலும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.