போதும் பாயின் பல்வலி

காவிரித் தண்ணீர் பாயும் ஊர்களில் ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ‘எனக்கு அது தெரியாது’ என்று தானே ஒப்புக்கொண்ட ஒரே யோக்கியர் போதும் பாய்தான்.

வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டு அவர். கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். சொந்தப் பெயர் வேறு ஏதோ. வேலை கேட்டு வருகிறவர் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசினால் போதும், கையை உயர்த்தி, “போதும், போதும்” என்பார். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. அவர் வீட்டம்மாகூடக் கறிக்கடையில் ‘போதும் பாய் வீட்டுக்கு’ என்று சொல்லித்தான் வாங்குவார் என்று கேள்வி.

மற்ற ஏஜெண்டுகள் வேலை தேடி வருகிறவனைத் துருவித் துருவிக் கேட்பார்கள். நிலம் இருக்கா, அண்ணன் தம்பி ஒத்துமையா, பொண்டாட்டி நகை எங்கே இருக்கு என்பது வரைக்கும் போவார்கள். போதும் பாய் நேர் எதிர். அவர் தலைக்கு மேலே ஒரு போர்டு தொங்கும்: ‘கேட்டதை மட்டும் சொல்லவும்.’ நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவள். முதல் தடவை போனபோது, ‘மட்டும்’ வரைக்கும் வருவதற்குள் எனக்கு முன்னால் நின்றவர் தன் மாமியார் கதையை ஆரம்பித்துவிட்டார். பாய் கையிலிருந்த பனையோலை விசிறி மேசையில் படார் என்று விழுந்தது.

“மாமியார் வேலைக்கு வர்றாங்களா?”

“இல்லீங்க பாய்.”

“அப்ப அவங்கள வாசல்லயே விட்டுட்டு வாங்க.”

காரணம் இதுதான். கேட்ட சேதி அவரிடம் தங்காது. “என் வயித்துல சோறு தங்கும், சேதி தங்காது. அல்லா என்னை அப்படிப் படைச்சுட்டான்” என்று அவரே சொல்வார். பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் மகன், வீட்டில் நிச்சயம் பண்ணிய பெண்ணுக்குப் பயந்துதான் வெளிநாடு போகிறேன் என்று அவர் காதில் ரகசியமாகச் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலமே மன்னார்குடி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பாய் அதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். பக்கத்து சீட்டுக்காரர் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன். பையனுக்கு விசா வரவில்லை, தாலி கட்டும் நாள்தான் வந்தது. பாய் முதல் பந்தியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சாப்பிட்டாராம்.

தான் ஓட்டுப் போடும் கட்சியாவது ரகசியமாக இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒரே ஆணியில் இரண்டு கட்சிக் காலண்டரையும் முதுகோடு முதுகாக மாட்டியிருந்தார். மாடிப்படியில் ஏறி வருகிறவரின் வேட்டிக்கரையைப் பார்த்துத் திருப்பி வைப்பார். ஒரு நாள் இரண்டு கரைவேட்டிகள் ஒன்றாகப் படியேறி வந்துவிட்டன. பாய் காலண்டரைக் கழற்றிக் கீழே போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

எங்களுக்கு அவர் தேவைப்பட்ட கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் அறுவடைக் கூலிக்காகப் போராட்டம் நடந்த காலம். என் வீட்டுக்காரர் சங்கத்தில் முன்னால் நின்றார். வைக்கோல் போருக்குத் தீ வைத்தார் என்று அவர்மேல் கேஸ் போட்டார்கள். பொய்க் கேஸ், கோர்ட்டில் தள்ளுபடி ஆகிவிட்டது. ஆனால் பண்ணைக்காரர்கள் தள்ளுபடி பண்ணவில்லை. அவருக்கு நடவும் கிடையாது, அறுப்பும் கிடையாது என்று சுற்றுப்பட்டு ஊர்கள் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள். அவர் கடல் தாண்டினால்தான் எங்கள் அடுப்பு எரியும் என்ற நிலைமை. பாஸ்போர்ட் வந்ததும் இரண்டு பேரும் கூத்தாநல்லூருக்கு பஸ் ஏறினோம்.

“பேரு?” என்றார் பாய். இவர் சொன்னார்.

“ஊரு?” ஊரைச் சொல்லி, பழக்கத்தில் “காலனித் தெருங்க” என்றும் சேர்த்தார். படார் என்று விசிறி.

“தெரு எதுக்கு? கம்பெனிக்காரன் உங்க தெருவுல பொண்ணெடுக்கப் போறானா?”

தெருவைக் கேட்காத ஆபீஸ் ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்கு வாய் திறந்துகொண்டது. “இவங்க சங்கத்துல முன்னால நின்னவங்க பாய்” என்று ஆரம்பித்தேன். விசிறி விழுந்தது. நான் நிறுத்தவில்லை. பாய் பஞ்சை எடுத்துக் காதில் வைத்தார். நான் சத்தத்தைக் கூட்டினேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? வைக்கோல் போர், லாக்கப், கோர்ட்டு, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“தங்கச்சி! இதக் கொண்டுபோய் நான் எங்க வைப்பேன்?”

“உள்ளதத்தானே சொன்னேன்?”

“உள்ளதுதாம்மா. முடிஞ்சுபோன கேஸ். பாக்கப்போற வேலைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா சங்கம்னு காதுல விழுந்தா கம்பெனிக்காரன் ஆள ஏறெடுத்தும் பாக்கமாட்டான். எங்கிட்ட சொன்னா அவங்கிட்ட சொன்ன மாதிரிதான்.”

பிறகு இவரைப் பார்த்து, “அந்தக் காலண்டர எடுங்க” என்றார். இவர் இடது கையால் எடுத்தார். “வலது கையால எடுங்க.” வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம்.

“அது லாக்கப்புல அடிச்ச...” என்று இவர் ஆரம்பித்தார். படார்.

“எப்படி வந்துச்சுன்னா கேட்டேன்? மூட்டை தூக்க முடியுமா, முடியாதா?”

“முடியாதுங்க.”

“இதத்தான்யா மொதல்ல சொல்லணும்! நான் குடோன் வேலைக்கு எழுதியிருப்பேன். அங்க போய்த் தூக்க முடியாம நின்னா நடுத்தெருவுல விட்டுருவான். வேலையத் தொடுற சங்கதி அத்தனையும் எனக்கு வேணும். மத்ததெல்லாம் உங்க வீட்டோட இருக்கட்டும். நீங்க என்னடான்னா, மறைக்க வேண்டியத மைக் செட்டு வச்சுச் சொல்றீங்க, சொல்ல வேண்டியத முழுங்கிடுறீங்க!”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. “இவங்களுக்கு சமையல் வரும் பாய். ஊருக்கே ஆக்கிப் போடுவாங்க” என்றேன்.

“இது வேலையத் தொடுற சேதி” என்று அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

பம்பாயிலிருந்து கம்பெனிக்காரர் ஆள் எடுக்க வந்த நாளில் போனோம். பாயைப் பார்த்துத் திடுக்கிட்டேன். தாடையைச் சுற்றித் துண்டு கட்டி, உச்சந்தலையில் முயல் காது மாதிரி முடிச்சு. ஆபீஸ் முழுக்கக் கிராம்புத் தைல வாசனை. அவர் வீட்டம்மா படியிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“பல்வலியெல்லாம் ஒண்ணும் இல்ல தங்கச்சி. வாயத் தொறந்தா உங்க கேஸுதான் வெளிய வருமாம். காலையிலேருந்து டீகூடக் குடிக்காமக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காக.”

நாளெல்லாம் டீயும் பேச்சுமாக இருக்கிற மனுஷர்!

எங்கள் முறை வந்தது. கம்பெனிக்காரருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். இவரை மேலும் கீழும் பார்த்து, “குடோனுக்கு சரியா இருப்பான்” என்றார். பாய் எழுந்து வந்தார். இவருடைய வலது கையைத் தூக்கிக் காட்டி, அது தொப்பென்று விழுவதைக் காட்டி, தலையை ஆட்டினார். பிறகு இல்லாத அண்டாவில் இல்லாத கரண்டியைப் போட்டுக் கிண்டி, அள்ளி, கம்பெனிக்காரர் கையிலேயே ஊற்றினார். அவர் சிரித்துவிட்டார்.

“சமையலா? அங்க கேம்ப்ல கூட்டம் ஜாஸ்தி. பெரிய கூட்டத்துக்கு ஆக்கியிருக்கியா? எங்க?”

இவர் பெரிய கூட்டத்துக்கு ஆக்கிய ஒரே இடம் போராட்டத்தில் போட்ட கஞ்சித் தொட்டி. பொய் சொல்லவும் வராது.

“எங்க ஊர்லதான் சார். பந்தல் போட்டு, பெரிய அண்டா வச்சு, அந்த சங்க...”

“ஆஆஆ!”

பாய் நாற்காலியோடு சாய்ந்து தரையில் உருண்டார். கம்பெனிக்காரர் பதறி எழுந்தார். தண்ணீர் என்றார்கள், காற்று என்றார்கள். அமளி அடங்கியபோது, கேட்ட கேள்வியை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. “இவனை கிச்சன்ல போடு” என்று சொல்லிவிட்டு, கம்பெனிக்காரர் பாயைக் கைத்தாங்கலாகத் தன் காரிலேயே ஏற்றினார். ரொம்ப நல்ல மனுஷர். நேரே பல் டாக்டரிடம்தான் கொண்டுபோய் நிறுத்தினார்.

டாக்டர், “எந்தப் பல்லு?” என்று கேட்டாராம். கம்பெனிக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். பாய் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, கடைவாயில் கல் மாதிரி இருந்த ஒரு பல்லைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். பிடுங்கிவிட்டார்கள்.

என் பிள்ளைகள் படித்தது அந்தச் சமையல் சம்பளத்தில்தான். மகள் இன்றைக்கு டீச்சர்.

அதெல்லாம் பின்னால். இவர் வளைகுடாவில் இறங்கி வேலையில் சேர்ந்த தகவல் வந்த மறுநாள், பாய் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். தாடையில் துண்டு இல்லை. வாசலில் நின்றபடியே, “தங்கச்சி, ஆளு அங்க வேலையில சேந்தாச்சு. இனிமே நான் பேசலாமா?” என்று கேட்டார்.

“பேசுங்க பாய்” என்றேன்.

கோரைப்பாயை விரித்துப் போட்டேன். உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் போராட்டத்தில் நின்ற கதையை, என்னிடமே, ஆதியிலிருந்து ஆரம்பித்தார். பல் போன இடத்தில் காற்று விசிலடித்தது. அவர் கதையில் போலீஸ்காரர்கள் இரண்டு லாரி கூடுதலாக வந்து இறங்கினார்கள். இவர் ஒரு முழம் வளர்ந்திருந்தார்.

நான் டீ போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, “அப்பறம் என்ன ஆச்சு பாய்?” என்று கேட்டேன்.