ஸ்வர்ணாவின் தோளுக்கு ஒரு துப்பாக்கி

காப்பெல், டெக்சாஸ்
செவ்வாய்க்கிழமை காலை

மதிப்புக்குரிய சம்பந்தி பசுபதி அவர்களுக்கு,

மகாதேவன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும், என் மகன் சாய்ராமும், தங்கள் மகள் ஸ்வர்ணாவும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. தாம்பரத்தில் தங்கள் வலது முழங்காலும் சம்பந்தியம்மா தாமரைச்செல்வியின் இரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்கும் என்று நம்புகிறேன். தாங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டதால், இதைக் கையால் எழுதி, படம் பிடித்து, தங்கள் தனி எண்ணுக்கு அனுப்புகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். சம்பந்தியம்மா அந்தக் குழுவில் இல்லை, இதுவும் அவர் கண்ணில் படவேண்டாம். இளகிய மனசு, தாங்காது.

நிச்சயதார்த்தப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து தாங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "வாத்தியாரே, எம் பொண்ணு அரை நிமிஷம் ஒரு இடத்துல உக்கார மாட்டா. உங்க வீட்ல எப்படிக் காலந்தள்ளப் போறா?" அப்போது என் வாயில் அப்பளம் இருந்தது. அப்புறம் பாயசம் வந்தது. பதில் அப்படியே நின்றுபோயிற்று. இப்போது சொல்கிறேன், சம்பந்தி: உட்காருகிறாள். விடியற்காலையில் கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு, போனை உள்ளே வைத்துவிட்டு, மூச்சுவிடுவதுகூடத் தெரியாமல் உட்காருகிறாள். போன வாரம் ஓர் அணில் அவள் செருப்பின் மேல் ஏறி நின்று முகம் துடைத்துக்கொண்டு போயிற்று. காப்பி கொண்டுபோன நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் "அசையாம உக்காருங்கடா" என்று கத்தியவன் நான். அப்படி உட்கார்ந்த ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அப்படித்தான் உட்காரவேண்டுமாம். மான் நம்மைவிடக் கெட்டிக்காரப் பிராணி.

தாங்கள் கோபப்பட்டது அந்த ஆயுத பூஜைப் படத்தைப் பார்த்து என்று தெரியும். இத்தனை வருடமாக இந்த வீட்டில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் லேப்டாப்பும் கார் சாவியும் ஸ்வர்ணாவின் பல் பிடுங்கும் குறடும்தான் பொட்டு வைத்துக்கொண்டன. இந்த வருடம்தான் பூஜையின் பெயருக்குப் பொருத்தமாக ஒரு பொருள் வந்தது. சாய்ராம் ஆர்வக்கோளாறில் அதற்குச் சந்தனம் தடவி, சாமந்தி சுற்றி, படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டான். தாங்கள் "இது என்ன?" என்று கேட்டீர்கள். அவன் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினான். தாங்கள் விலகிவிட்டீர்கள். அன்றிலிருந்து மகளின் போனையும் எடுப்பதில்லை. அவளோ கிளினிக்கிலிருந்து திரும்பும்போது தினமும் காரிலிருந்து கூப்பிடுகிறாள். மணி அடித்து ஓய்ந்ததும், "தூங்கியிருப்பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். வருகிற சனிக்கிழமை வேட்டைக்காலம் தொடங்குகிறது. அவள் கிளினிக்கில் வேலை செய்யும் நான்சியின் குடும்பத்துக்கு லானோ பக்கம் நிலம் இருக்கிறது, அழைத்திருக்கிறார்கள். பை கட்டி வாசலில் இருக்கிறது. "அப்பா பேசாம நான் போகமாட்டேன், மாமா" என்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

துப்பாக்கி வாங்கிய கதையைத் தாங்கள் முழுதாகக் கேட்கவேண்டும். கேட்டால் பெருமைப்படுவீர்கள். முதலில் அரசாங்கம் சொன்ன வேட்டைப் பாதுகாப்புப் பாடத்தைப் படித்துத் தேறினாள். கைக்கு வந்த துப்பாக்கி எதுவானாலும் குண்டு இருப்பதாகவே நினைக்கவேண்டும் என்பது அதில் முதல் பாடம். இதை ஒவ்வொரு வேளையும் சோற்றுக்கு முன்னால் எங்களிடம் ஒப்பித்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மூவரும் கடைக்குப் போனோம். போனபிறகுதான் ராகுகாலம் என்று எனக்கு ஞாபகம் வந்தது. இரும்புச் சாமான், அதிலும் இந்த மாதிரிச் சாமான், ராகுகாலத்தில் வாங்கலாமா? பத்தரை வரைக்கும் காரிலேயே இருப்போம் என்றேன். துப்பாக்கிக் கடை வாசலில் மூன்று பேர் காருக்குள் உட்கார்ந்து, கடையையும் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் காவலாளிக்குத் தோன்றியது. வந்து கண்ணாடியைத் தட்டி, எல்லாம் சரிதானா என்று விசாரித்தார். நல்ல நேரத்துக்காகக் காத்திருக்கிறோம் என்று சாய்ராம் இங்கிலீஷில் விளக்கினான். அந்த விளக்கம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஸ்வர்ணா தலையை வெளியே நீட்டி, சிரித்து, தன் மாமனாரின் பஞ்சாங்கத்தைப் பற்றி ஏதோ சொன்னாள். பத்தரைக்கு அந்த மனிதரே வந்து கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே நானும் சாய்ராமும் ஒரே குரலில் நீளமான துப்பாக்கியைக் காட்டினோம். "வாங்கறதுதான் வாங்கற, கொஞ்சம் பெரிசா எடு ஸ்வர்ணா. பின்னாடி உதவும்" என்றேன். "நானும் யூஸ் பண்ணிக்கலாம்ல" என்றான் ஆறடி உயரத்து என் மகன். ஸ்வர்ணா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எங்கப்பா ஒவ்வொரு ஜூன்லயும் ரெண்டு சைஸ் பெரிசா யூனிஃபார்ம் எடுப்பாரு, மாமா. பள்ளிக்கூடமே முடிஞ்சுபோச்சு, அந்தப் பாவாடைக்கு நான் இன்னும் வளரல. இப்ப எனக்கு முப்பத்தெட்டு. இனிமே எங்க வளரப்போறேன்?" என்றாள். இருந்தாலும் எங்கள் மனம் நோகாமல், கடையை ஒட்டிய பயிற்சிக்கூடத்தில் அந்த நீளமானதையே வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தாள். தோளில் பதிக்கிற பின்கட்டை அவள் கைக்கு நீளம். விசைக்கு விரல் எட்டக் கழுத்தை முன்னால் நீட்டினாள், கட்டை தோளில் சரியாகப் பதியவில்லை, வெடித்ததும், குறிபார்க்க மேலே பொருத்தியிருந்த தொலைநோக்கி பின்னால் வந்து புருவத்துக்கு மேல் பிறை மாதிரி ஒரு கீறல் போட்டது. இதை நான் எழுதியிருக்கக்கூடாது. ஆறிவிட்டது, சம்பந்தி. தழும்புகூட இல்லை. கொஞ்சம்தான் இருக்கிறது.

பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே அவள் சொன்னதைத்தான் தாங்கள் கேட்கவேண்டும். "நான் பல் டாக்டர், மாமா. என் ஸ்டூல என் உயரத்துக்குத்தானே வெச்சுக்கறேன், சாய்ராம் உயரத்துக்கா வெக்கறேன்?" நான் பிசிக்ஸ் வாத்தியார், நியாயம் என்று ஒப்புக்கொண்டேன். சின்னப் பையனிடம் அண்ணனுடைய கிரிக்கெட் மட்டையைக் கொடுத்தால் பந்தா அடிப்பான், முழங்காலைத்தான் அடித்துக்கொள்வான். சரி, அப்படியானால் இருப்பதிலேயே லேசானதை எடு என்று அடுத்த யோசனையைச் சொன்னேன். அதையும் மறுத்தாள். துப்பாக்கி லேசாக ஆக உதை அதிகமாகும் என்றாள். படகிலிருந்து கரைக்குத் தாவினால் சின்னப் படகுதான் அதிகம் பின்னால் போகும். நான் வருடா வருடம் கரும்பலகையில் வரைந்த படம் அது! எனக்கே அவள் பாடம் நடத்தினாள், நான் தலையாட்டினேன். குழல் ரொம்பக் குட்டையானாலும் காது கிழிகிற சத்தமாம். கடைசியில் அவள் எடுத்தது கட்டையும் குட்டை, குழலும் அளவான குட்டை, எடை நடுத்தரம், மானுக்குப் போதுமான, தோளை நோகடிக்காத குண்டு. ஒவ்வொரு முறையும் கையால் தாழ்ப்பாள் போல் இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த குண்டு ஏறும். "ஒரு தடவை சுட்டா, அடுத்ததுக்கு முன்னாடி யோசிக்கணும். அதான் எனக்கு வேணும்" என்றாள். அரை நிமிஷம் உட்காராத பெண் பேசுகிற பேச்சா இது?

பயப்படவேண்டாம். துப்பாக்கி இரும்புப் பெட்டியில், குண்டுகள் வேறொரு பூட்டில். பூட்டைத் திறக்கும் எண் எனக்கே தெரியாது, சாய்ராமிடம் கேட்டால் "அவகிட்ட கேளுங்கப்பா" என்கிறான். பாவம் புண்ணியம் என்று யோசித்தால், ஞாயிற்றுக்கிழமை நம் இரு வீட்டுக் குழம்பிலும் ஆடு தானாக வந்து குதித்ததில்லை. கிடைக்கிற மானை வீணாக்காமல் சாப்பிடுவதாக அவள் நான்சிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். மசாலா அரைப்பது என் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை மாலை, தங்களுக்குச் சனிக்கிழமை விடிந்து பால் வரும் நேரத்தில், ஸ்வர்ணா கூப்பிடுவாள். திட்டவேண்டுமானால் திட்டுங்கள். ஆனால் எடுத்துத் திட்டுங்கள்.

எல்லா நலமும் தங்கள் இல்லத்தில் நிறையட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தை மட்டும் சொல்லுங்கள், வேறு எதுவும் சொல்லவேண்டாம்.

அன்புடன்,
மகாதேவன்

பி.கு: படம் பிடிக்க ஸ்வர்ணாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். "அம்மாவுக்கா தெரியாது? கடையிலேந்து வீடியோ கால் போட்டதே அம்மாவுக்குத்தான் மாமா. 'நீளமானது வேணாம்டி, அந்த யூனிஃபார்ம் கதையாயிடும்'னு சொன்னதே அவங்கதான். அப்பாவுக்குத்தான் இளகின மனசு, மெதுவா சொல்லிக்கலாம்னாங்க." தாயும் மகளும் ஒரே உயரமாம், இந்தத் துப்பாக்கி இருவருக்கும் பொருந்துமாம், அடுத்த வருடம் வேட்டைக்காலத்துக்கு சம்பந்தியம்மா வருகிறாராம். தங்கள் வீட்டு நீளக்குடை மழையில்லாத நாளிலும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நிற்பது துப்பாக்கியைத் தோளில் பதிக்கப் பழகுவதற்காகத்தானாம். ஆகவே மேலே நான் மறைக்கச் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு, இதைச் செய்து பாருங்கள்: சனிக்கிழமை காலை அந்தக் குடையைக் கையில் எடுத்து, எதிர்ச்சுவரில் உள்ள காலண்டரைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, குடையைத் தோளில் பதித்து, கண்ணைத் திறந்து, முனை காலண்டரை நோக்குகிறதா என்று பாருங்கள், நோக்காவிட்டால் சம்பந்தியம்மா திருத்துவார், அதற்குள் போன் அடித்தால் குடையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனை எடுங்கள்.