நண்டுக் கணக்கின் ஏழாம் நிரல்

ஆய்வுத் தரவை இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவதற்கு முன் கோப்பை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இப்போது தெரியும். அன்றைக்கு, முதுகலை மாணவியாகப் பொத்தானைத் தட்டியபோது, நானும் ஒரு விஞ்ஞானி என்பது மட்டும்தான் தெரிந்திருந்தது.

பனிச்சங்கேணி வாவியில் ஒரு வருடம் நண்டுக் கணக்கெடுத்தேன். அங்கே நண்டு பிடிக்கும் பொன்னுத்துரை அண்ணன் என்னைத் தன் தோணியில் ஏற்றிக்கொள்வார். நான் தண்ணீரின் உப்பை அளப்பேன். கரைக்கு வந்ததும், "இண்டைக்கு எத்தின கிலோ அண்ணன்?" என்பேன். நிறுக்க விடமாட்டார். வாயால் சொல்வதை அட்டவணையின் மூன்றாம் நிரலில் எழுதிக்கொள்வேன். ஏழாம் நிரல் என் சொந்தக் குறிப்புகளுக்கு. 'ஏழு கிலோவாம். பொய். கூடையைத் தூக்க ரெண்டு பேர் வந்தார்கள்.' மறுநாள்: 'இன்றும் பொய். கண் சிமிட்டாமல் சொல்கிறார்.' (மத்தியானம் எனக்குச் சோறும் நண்டுக் கறியும் போட்ட மனிதரைப் பற்றித்தான். கை கழுவிய ஈரம்கூடக் காய்ந்திருக்காது.)

ஏழாம் நிரலை நீக்கிய கோப்பு ஒன்று தயாராக இருந்தது. நான் ஏற்றியது மற்றதை. அதோடு விட்டேனா? அண்ணனின் மகள் சுகந்திக்கும் இணைப்பை அனுப்பினேன்: "அப்பாவுக்கு நன்றி போட்டிருக்கிறன். உலகமே வாசிக்கும்!"

உலகத்துக்கு முன் தூத்துக்குடி வாசித்தது. அங்கே நண்டு ஆராயும் ஒரு பெண்மணி என் தரவைத் தேடியெடுத்து, ஒரு வரி விடாமல் படித்துவிட்டு எழுதியிருந்தார்: 'உங்கள் மூன்றாம் நிரலும் ஏழாம் நிரலும் சண்டை போடுகின்றன. நான் எதை நம்புவது?'

அழித்துவிடலாம் என்று ஓடினேன். அந்தக் களஞ்சியத்தில் ஏற்றியதை அழிக்க முடியாதாம். திருத்திய பதிப்பை மேலே வைக்கலாம், பழையது அடியில் அப்படியே இருக்கும். என் பேராசிரியை ஒரே வார்த்தையில் முடித்தார்: "கிலோ பிழையெண்டா ஆய்வேடும் இல்ல. போய் அவரிட்டயே கேளும்."

பொய்யர் என்று நான் ஊருக்கே அறிவித்த மனிதரிடம்!

அண்ணன் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். வாசித்துக் காட்டிவிட்டாள் என்று புரிந்தது.

"வாங்க," என்றார் அண்ணன். (வழக்கமாக 'வா புள்ள' என்பவர்.) "பொய்யன்ட ஊட்டுக்கு வந்திருக்கீங்க."

அழுதேன். அழகாக அழவில்லை, மூக்கெல்லாம் ஒழுக அழுதேன்.

அவர் வலையைக் கீழே வைத்தார். "அழாத புள்ள. அது பொய்யில்ல. புடிச்சத முழுசாச் சொன்னா கண்ணூறு பட்டுரும். அதால எப்பவும் பாதிதான் சொல்லுற."

"பாதியா?"

"ஓம். பாதி."

"நிறுத்துப் பாத்தாத்தான், அண்ணன், நம்புவாங்க. இல்லாட்டி என்ட படிப்புப் போயிரும்."

அண்ணன் எழுந்துபோய்க் கூடையைச் சாக்கால் மூடி, தராசில் தொங்கவிட்டார். "நண்டப் பாக்காத. முள்ள மட்டும் பாரு."

இரண்டு மாதம் அப்படியே நிறுத்தோம். முதலில் அவர் வாயால் சொல்வார், பிறகு தராசு சொல்லும். முள் ஏறக்குறைய இரண்டு மடங்கில் போய் நிற்கும். எங்கள் ஆய்வுகூடத் தராசுகூட அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதில்லை. பழைய கணக்கையெல்லாம் இரண்டால் பெருக்கிக் காப்பாற்றிவிட்டேன். திருத்திய பதிப்பில் இந்தக் கதையை முறையாக எழுதி, ஆசிரியர் பெயர்களில் அண்ணனின் பெயரை என் பெயருக்கு முன்னால் போட்டேன். அந்த ஏழாம் நிரல் தவறுதலாக ஏறாமலிருந்தால், தூத்துக்குடியில் ஒருவர் அதை மினக்கெட்டு வாசிக்காமலிருந்தால், வாவியின் பாதி நண்டை நானே காகிதத்தில் கொன்றிருப்பேன். அண்ணனுக்கும் அந்தப் பெண்மணிக்கும் நான் காலமெல்லாம் நன்றிக்கடன் பட்டவள்.

எனக்கு மகள் பிறந்தபோது அண்ணன் ஒரு கூடை நண்டோடு ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தொட்டிலை எட்டிப் பார்த்தார். பிள்ளை எவ்வளவு அழகு என்று சொல்லப்போகிறாரோ என்று வீடே அவர் வாயைப் பார்த்தது.

"ம்... பாதி வடிவுதான்," என்றார்.

என் கணவரின் முகம் சுருங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணனின் பாதிக் கணக்கை நான் விளக்கிச் சொன்ன நாளிலிருந்து என் அம்மாவுக்கு வேறு பேச்சில்லை. கிளினிக்கில் மாதாமாதம் பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டு நிறுக்கும்போது, தாதி மிஸ்ஸியின் காதருகில் குனிந்து சொல்கிறார்: "புள்ளயப் பாக்காதீங்க மிஸ்ஸி. முள்ள மட்டும் பாருங்க."